மடியில் இருந்த வெள்ளாடு

மருதூர் ஜமீன்தார் பொன்னம்பலம் புலால் தொடாதவர், மிருதங்கப் பித்தர். கறிக்கும் தோலுக்கும் ஆடு வளர்த்த குருவம்மாளை ஒருநாள் கூப்பிட்டு அதட்டினார்.

“அறுபடச் சம்மதம் என்று ஓர் ஆட்டையாவது சொல்லச் சொல்! இல்லாவிட்டால் நாளையே பட்டியைக் கலைத்துவிட்டு ஊரைவிட்டுப் போ!”

மறுநாள் குருவம்மாள் வெறுங்கையோடு வந்தாள். சபை நடுவே ஜமீன்தார் மடியில் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“எங்கே ஆடு?”

“எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை, எசமான். இந்த மிருதங்கத் தோலுக்காகப் போன தையில் என்னிடம் ஒரு வெள்ளாடு வாங்கினீர்களே, அதனிடம் நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்? சொன்னால் நானும் அப்படியே கேட்டுவிடுகிறேன்.”

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மடியைக் குனிந்து பார்த்த ஜமீன்தாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“பட்டி இருக்கட்டும், போ.”

அவர் கடைசிவரை கறி தொடவில்லை. அவளும் ஆடு வளர்ப்பதை விடவில்லை. அன்றைய கச்சேரியில் மட்டும், மிருதங்கத்தில் அவர் அடி கொஞ்சம் மெதுவாக விழுந்தது.