ஒற்றை ஆளுக்கு ஒரு வாழைத்தண்டு

குருவைவிடச் சீடருக்கு இருபத்தொரு வயது கூடுதல். இரண்டு பேரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

குருவின் பெயர் குழல்வாய்மொழி. இருபது வருஷம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்துவிட்டு மலையடிவாரத்துக் குடிலுக்கு வந்தவர். அங்கிருந்த சாமியார் கண்மூடியபின் குடில் அவர் பொறுப்பில் நின்றது. கீழே ஊரில் அவரை அம்மை என்றார்கள்.

சீடர் ஆவுடைநாயகம், கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். காய்கறிகளின் குணங்களைப் பற்றி நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு நூல் எழுதியிருந்தார். மலச்சிக்கலுக்கு மட்டும் அதில் முப்பத்தொன்பது பக்கம், அடிக்குறிப்புகள் தனி. குடிலுக்கு வந்த அன்றே அம்மைக்கு ஒரு பிரதி கொடுத்தார். அம்மை அதைக் கையில் வாங்கி, கனம் பார்த்து, மோர்ப்பானையின் மூடிமேல் வைத்தார். குடிலில் பூனைத் தொல்லை இருந்தது.

மொத்தம் ஏழு குடிசைகள். ஒன்றில் அம்மை. ஒன்றில் ஆவுடைநாயகம். மற்ற ஐந்தும் பூட்டிக் கிடந்தன.

பழைய சாமியார் இரண்டு விதிகள் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவரவர் அடுப்பில் அவரவர் சமைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தனியே உண்ண வேண்டும் என்பது ஒன்று. நோய் கண்டவர் மூன்று நாளில் தேறாவிட்டால் ஊருக்குப் போய்விட வேண்டும், போனவர் மறுபடி சேர முடியாது என்பது மற்றொன்று. தனிமை பழகாதவனுக்குத் தியானமும் பழகாது என்பது அவர் கட்சி.

ஆவுடைநாயகத்துக்குத் தனிமை ஏற்கெனவே பழகியிருந்தது. மனைவி சங்கரவடிவு போய் ஒன்றரை வருஷம். மகன் கனடாவில். பாளையங்கோட்டை வீட்டில் ஒரு கேஸ் சிலிண்டர் பதினோரு மாதம் வந்தது. தீராத அந்தச் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் அவர் மலையடிவாரத்துக்கு வந்தார்.

வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை, அம்மையிடம் போய் நின்றார். மூன்று நாளாக வயிறு போகவில்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே பொதுக் கேள்வியாகக் கேட்டார்.

"அம்மை, கனம் குறைஞ்சு நார் மிகுந்த உணவு எது? மருந்து இல்லாம வயிறு தானா இளகணும்."

"எத்தனை நாளாச்சு?" என்றார் அம்மை.

"மூணு."

அம்மை அவரைப் படுக்கச் சொல்லி வயிற்றை நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தார். வலி உண்டா, வாந்தி உண்டா, காற்று பிரிகிறதா என்று விசாரித்தார். வலியோ வாந்தியோ வந்தால் மூன்று நாள் கணக்கெல்லாம் கிடையாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி என்றார். பிறகு எழுந்து உட்காரச் சொன்னார்.

"புத்தகம் எழுதினவர் நீங்க. நீங்களே சொல்லுங்க."

ஆவுடைநாயகம் சொன்னார். வாழைத்தண்டில் தொடங்கினார். பீர்க்கு, புடல், சுரை, அவரை என்று கொடிகளில் ஏறினார். முருங்கைக்கீரையையும் தண்டுக்கீரையையும் ஒப்பிட்டார். கொய்யாவைத் தோலோடு தின்பதா தோலின்றித் தின்பதா என்பதில் இரு தரப்பையும் எடுத்துரைத்தார். சாமை, வரகு வழியாகப் பப்பாளிக்கு வந்து, தண்ணீரின் பங்கு என்ன என்பதில் முடித்தார். அதற்குள் வெயில் முற்றத்தின் பாதிக்கு வந்துவிட்டது.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்றார் அம்மை.

"ரவைக் கஞ்சி."

"முந்தாநாள்?"

ஆவுடைநாயகம் கொஞ்சம் யோசித்தார். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

"ரவைக் கஞ்சி."

அம்மை எழுந்து தோட்டத்துக்குப் போனார். குலை தள்ளி முடிந்த வாழை ஒன்றை வெட்டி, மட்டைகளை உரித்து, இரண்டு முழ நீளத்துக்கு ஒரு தண்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இன்னையிலிருந்து மூணு நாள்," என்றார்.

ஆவுடைநாயகம் அதைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு தன் குடிசைக்குப் போனார்.

அடுப்பருகே வைத்துப் பார்த்தார். வெள்ளையாக, குளிர்ச்சியாக, தேவைக்கு மிகப் பெரிதாகக் கிடந்தது. கத்தியை எடுத்து ஒரு வட்டு நறுக்கினார். வட்டுக்கும் தண்டுக்கும் நடுவே சிலந்தி இழைபோல நார் நீண்டது. கத்தியைத் தூக்கினால் கூடவே வந்தது.

சங்கரவடிவு அந்த இழையை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்வாள். நறுக்கி முடிக்கும்போது விரலில் ஒரு வெள்ளை மோதிரம் ஏறியிருக்கும். அதைக் கழற்றி அடுக்களை ஜன்னல் கம்பியில் மாட்டுவாள். காய்ந்ததும் விளக்குக்குத் திரியாகும். ஜன்னல் அசிங்கமாக இருக்கிறது என்று அவர் சொல்வதுண்டு. வாழைத்தண்டின் நார் பற்றிய அத்தியாயத்தை அவர் எழுதியது அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான்.

காலையில் அவர் கொல்லையிலிருந்து திரும்பும்போது அவள் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே கேட்பாள். "ஆச்சா?" அவ்வளவுதான். அவர் "ம்" என்பார். முப்பத்துநாலு வருஷம் அந்தக் கேள்வி அவருக்கு எரிச்சலாக இருந்தது. படித்த மனிதரிடம் விடிந்ததும் கேட்கிற கேள்வியா அது?

நறுக்கிய ஒரு வட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆவுடைநாயகம் மீதித் தண்டை அளந்து பார்த்தார். இவ்வளவு பெரிய தண்டை ஒரு ஆளுக்கு யார் நறுக்குவது? பிறகு அடுப்பை மூட்டி ரவையைக் கிண்டினார்.

மறுநாள் அம்மை வந்து எட்டிப் பார்த்தார். தண்டின் வெட்டுவாய் இரண்டும் கறுத்திருந்தன. அம்மை ஒரு கட்டு முருங்கைக்கீரையை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

ஆவுடைநாயகம் கீரைக்கட்டைப் பார்த்தார். உருவி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். வேகவைத்தால் ஒரு கை வரும். அதைத் தின்ன ஐந்து நிமிஷம். உருவும்போது பேச்சுத்துணைக்குப் பூனைகூட இந்தக் குடிசைக்கு வராது. அன்றும் கஞ்சிதான்.

சாயங்காலம் அவர் அம்மையிடம் போய்க் கடுக்காய்ப் பொடி கேட்டார். எடை, அளவு, வெந்நீரின் சூடு எல்லாவற்றையும் தானே சொன்னார்.

"தர்றேன்," என்றார் அம்மை. "கூடவே பஸ் நேரத்தையும் சொல்றேன். பதினொன்றரை. மருந்து கேட்டா நோயாளி. நோயாளிக்கு இங்க இடமில்ல."

ஆவுடைநாயகம் கடுக்காய் வாங்காமல் திரும்பினார்.

மூன்றாம் நாள் காலையிலும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தார். வீட்டுச் சாவியைத் தேடி எடுத்தார். இரண்டு மாதம் கழித்துக் கதவைத் திறந்தால் முதலில் என்ன வாசனை வரும் என்று அவருக்குத் தெரியும். பையை மாட்டிக்கொண்டு, விடைபெற அம்மையின் குடிசைக்குப் போனார்.

கதவு சாத்தியிருக்கவில்லை. அம்மை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த இரண்டு மாதத்தில் அவர் சாப்பிட்டு ஆவுடைநாயகம் பார்த்ததில்லை, விதி அப்படி. அம்மை கிண்ணத்தை மறைக்கவில்லை.

ரவைக் கஞ்சி.

ஆவுடைநாயகம் வாசலிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு தோட்டம் முழுக்க வாழையும் முருங்கையும் கொய்யாவும் நின்றன.

"எத்தனை நாளா அம்மை?"

"கஞ்சியா? நாலு வருஷமா. அதுக்கு முன்னால சாமியார் இருந்தாரு. விதி விதின்னுவாரு. என் அவியல் வாசனை வந்தா மட்டும் கிண்ணத்தோட வந்து நிப்பாரு."

"கஞ்சியக் கேக்கல."

"ஓ, அதுவா." அம்மை விரலை மடக்கிப் பார்த்தார். "உங்களுக்கு அஞ்சுன்னா எனக்கு ஆறு."

ஆவுடைநாயகத்துக்கு என்ன சொல்வதென்று தெரியாதபோது விதிகளை எடுத்துப் பேசுவது வழக்கம். விதிப்படி பார்த்தால் அம்மையும் பஸ் ஏற வேண்டியவர்தானே என்றார்.

"எங்க?" என்றார் அம்மை.

பதினொன்றரை பஸ் கீழ்ச்சாலையில் வந்து நின்று, ஒலி எழுப்பி, போயிற்று. ஆவுடைநாயகம் அப்போது தோட்டத்தில் இருந்தார். வாழையை வெட்டி அவருக்குப் பழக்கமில்லை. முதல் வெட்டு பக்கத்துக் கொய்யா மரத்தில் பட்டது, இரண்டாவது செருப்பில் பட்டது. மூன்றாவதாக ஒரு தண்டு கிடைத்தது. கோணலாக இருந்தாலும் தண்டுதான்.

அதை அம்மையின் அடுப்படியில் கொண்டுவந்து வைத்தார்.

"தனி அடுப்பு விதி?" என்று அவரே சந்தேகமும் கேட்டார்.

"அடுப்பு தனியாத்தான இருக்கு. ஆளுதான் ரெண்டு."

"இன்னையோட கெடு முடியுதே?"

"சாமியார் கணக்குல ஒரு நாள்னா விடியல்ல இருந்து விடியல் வரைக்கும். உக்காருங்க."

அவர் வட்டு வட்டாக நறுக்கினார். அம்மை இழையை விரலில் சுற்றி இழுத்தார். வட்டுகளை அடுக்கிப் பொடியாக அரிந்து, மோர் கலந்த தண்ணீரில் போட்டார். மோர் எடுப்பதற்காக அந்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் தூக்கி ஓரமாக வைக்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆவுடைநாயகத்துக்கு ஒரு கல்வி சார்ந்த ஐயம் எழுந்தது. நாருக்காகத்தானே தண்டு தின்கிறோம், நாரை இப்படி உருவி எடுத்துவிட்டால் குணம் குறையாதா?

"தொண்டையில சிக்குறத மட்டும்தான் எடுக்கணும்," என்றார் அம்மை. "மத்தது உள்ளயே இருக்கும்."

பிறகு கத்தியை மாற்றிக்கொண்டார்கள். இப்போது இழை சுற்றுவது ஆவுடைநாயகத்தின் முறை. அவர் விரலில் வெள்ளை மோதிரம் மெல்லத் தடித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் நறுக்கிய வட்டுகள் குவிந்துபோயின. அம்மை அவசரப்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் தன் வார்டில் ஐம்பது கட்டில் என்று அம்மை தானாகச் சொன்னார். விடிந்ததும் ஒவ்வொரு கட்டிலாகப் போய், வயிறு போச்சா என்று கேட்டு அட்டையில் எழுத வேண்டும். சிலர் வெட்கப்படுவார்கள். சிலர் விவரமாகச் சொல்வார்கள். பார்க்க ஆள் வராத ஒரு கிழவர், ஆனாலும் ஆகவில்லை என்றே சொல்வார், அம்மை இன்னொரு கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக.

ஆவுடைநாயகம் வெகுநேரமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"அம்மை, இன்னைக்குக் கதவைத் திறந்து வச்சுக் கஞ்சி குடிச்சது எனக்குப் பாடம் சொல்றதுக்கா? இல்ல, நெசமாவே கஞ்சிதானா?"

"மோருல போடுங்க," என்றார் அம்மை. "கறுத்துரும்."

பாசிப்பருப்பும் சீரகமும் சேர்த்துத் தண்டு வெந்தது. இரவெல்லாம் கட்டாகவே கிடந்ததில் முந்தைய நாள் முருங்கைக்கீரை தானாகவே உதிர்ந்திருந்தது, அதையும் வதக்கினார்கள். சாமைச் சோறு வடித்தார்கள். தண்டு இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது. ஆவுடைநாயகம் ஒவ்வொரு வாயாக மென்று தின்றார். உப்பு தூக்கல் என்று சொல்ல வாயெடுத்து, போட்டது தான்தான் என்பது நினைவுக்கு வரவே நிறுத்திக்கொண்டார். கை கழுவும்முன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினார்.

அன்று இரவு மழை பெய்தது. பூட்டிய ஐந்து குடிசைகளின் கூரையிலும் அது ஒரே மாதிரி பெய்தது.

விடிந்ததும், கொய்யா மரத்துக்கு அப்பால் இருந்த சிறு கட்டடத்திலிருந்து ஆவுடைநாயகம் வெளியே வந்தார். செய்தி அவர் நடையிலேயே இருந்தது. கைகால் கழுவிக்கொண்டு அம்மையின் குடிசையைத் தாண்டி நடந்தார். கதவு திறந்திருந்தது. அம்மை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஆச்சா?" என்றார் அம்மை, திரும்பாமல்.

"ம்," என்றார் ஆவுடைநாயகம்.

இரண்டு எட்டு வைத்தார். நின்றார். முப்பத்துநாலு வருஷத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். திருப்பிக் கேட்டதாக ஒரு நாள்கூட அகப்படவில்லை.

அவர் வாசலுக்குத் திரும்பி வந்தார்.

"உங்களுக்கு?"

அம்மை ஊதுவதை நிறுத்தினார். ஊதுகுழல் கையிலேயே இருந்தது. அடுப்பில் புகை சுழன்று, பிறகு தானாகவே பற்றிக்கொண்டது.

"இன்னும் இல்ல," என்றார். "நாளைக்கும் கேளுங்க."