புகைந்த சேறு

மலையடிவாரத்தில் ஒரு சதுப்பு இருந்தது. கோரையும் நாணலும் அடர்ந்த பெரிய சதுப்பு. அதன் கரையில் வளை தோண்டி, குட்டிகளோடு குடியிருந்தது செவந்தி என்ற நீர்நாய். சதுப்பின் நடுத்திட்டில், தாழம்புதருக்குள், குடும்பத்தோடு வாழ்ந்தது தடியன் என்ற காட்டுப்பன்றி. கரைக்கு மேலே பாறை இடுக்கில் நயவன் என்ற நரி இருந்தது.

அந்த வருஷம் வெயில் தாங்க முடியவில்லை. முந்தின வருஷமும் அப்படித்தான். குரங்குகள் பகலில் மரத்தை விட்டு இறங்கவே இல்லை. பறவைகள் அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கின.

அப்போது பல நாடுகளைச் சுற்றிவந்த நாரை ஒன்று தண்ணீர் குடிக்க இறங்கியது. எல்லா விலங்குகளும் அதைச் சூழ்ந்துகொண்டன.

"நாரையாரே! இந்த வெக்கை எங்கேயிருந்து வருது?"

"எல்லா ஊரிலும் இதே பாடுதான்! மனுஷங்க கரியையும் எண்ணெயையும் எரிச்சு எரிச்சு, காத்துல புழுக்கக்காத்து கூடிப்போச்சு. அது பூமியைக் கம்பளி மாதிரி போர்த்தியிருக்கு. சூடு வெளியே போக வழியில்லே!"

நாம் கரியமில வாயு என்கிறோமே, அதைத்தான் நாரை அப்படிச் சொன்னது.

"அப்போ அதைப் பிடிச்சு எடுத்துட வேண்டியதுதானே!" என்றது தடியன். தடியனுக்கு யோசனை வருவதற்கு முன்னால் கால் கிளம்பிவிடும்.

"எடுக்கணும். எடுத்து, திரும்ப வெளியே வராதபடி எங்கேயாவது அடைச்சு வைக்கணும். அதுதான் பெரிய வேலை!" என்று சொல்லிவிட்டு நாரை பறந்து போயிற்று.

நயவனுக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. சதுப்பில் கொழுத்த விரால் மீன்கள் இருந்தன. ஆனால் சேற்றில் இறங்க நயவனுக்குப் பயம். தண்ணீர் வடிந்துவிட்டால்?

"எல்லாரும் கேளுங்க!" என்றது நயவன். "இந்தச் சேத்துலேர்ந்து குமிழி குமிழியா வருதே, பார்த்தீங்களா? ஒரே நாத்தம்! புழுக்கக்காத்து இங்கேயிருந்துதான் கிளம்புது. கரையை உடைச்சு, தண்ணியை வடிய விடுவோம். சேறு காஞ்சா குமிழி நிக்கும். குமிழி நின்னா வெக்கையும் போயிடும்!"

செவந்தி தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது. "ஐயோ, வேண்டாம்! நான் வளை தோண்டுறவ. இந்த மண்ணுக்குள்ளே என்ன இருக்குன்னு பார்த்திருக்கேன். கோரை உசிரோட இருக்கிறவரை அந்தப் புழுக்கக்காத்தைக் குடிச்சுத்தான் வளருது. செத்து விழுந்தா, தண்ணிக்கு அடியிலே மக்காம அப்படியே கிடக்கு. எங்க பாட்டன் காலத்துக்கு முந்தின இலைகூட இன்னும் கறுப்பா, இலையாவே இருக்கு. குமிழியா வர்றது கொஞ்சம். உள்ளே அடைஞ்சு கிடக்கிறதுதான் ரொம்ப!"

"ஆஹா! நீர்நாயம்மாவுக்கு மீன்மேல ஆசை. அதான் கதை கட்டுறாங்க!" என்று சிரித்தது நயவன்.

"மீனும் எனக்கு வேணும்தான். மறைக்கலே," என்றது செவந்தி. "அதுக்காக நான் சொல்றது பொய்யாயிடுமா?"

ஆனால் வெயிலில் வாடிய விலங்குகளுக்குப் பொறுமை இல்லை. தடியன் தன் கோரைப்பற்களால் கரையைக் குத்திப் பெயர்த்தது. 'குபுகுபு'வென்று தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடிற்று. எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். நயவன் மட்டும் நாக்கைச் சுழற்றியது.

துள்ளிய மீன்களையெல்லாம் நயவன் வயிறு முட்டத் தின்றது. செவந்தி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு, சதுப்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைக்கு, மேலே வெகு தூரத்துக்குக் குடிபோயிற்று.

சேறு காய்ந்தது. வெடித்தது. குமிழி நின்றது. ஆனால் வெக்கை குறையவில்லை. ஈரத்தைத் தொட்டு வந்த கொஞ்சநஞ்சக் குளிர்காற்றும் இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் பிற்பகல், மழையே இல்லாமல் இடி இடித்தது. காய்ந்த கோரைமேல் மின்னல் விழுந்தது. தீ 'சடசட'வென்று பிடித்து, சீக்கிரமே அணைந்தும் விட்டது.

"நல்லவேளை!" என்றன குரங்குகள்.

ஆனால் தீ உண்மையில் அணையவில்லை. சேற்றுக்குள் இறங்கியிருந்தது. பழைய கோரை, பழைய இலை, பழைய வேர் எல்லாம் அடியில் கனன்றன. வெடிப்புகளில் புகை எழுந்தது. காலங்காலமாக மண்ணுக்குள் கிடந்ததெல்லாம் புகையாகி வானத்துக்குப் போயிற்று.

வெளியே இரை தேடப் போயிருந்த தடியன் ஓடிவந்தது. நடுத்திட்டைச் சுற்றி ஒரே புகை. உள்ளேயிருந்து குட்டிகளின் குரல் கேட்டது.

"அப்பா! கால் சுடுது! அம்மாவுக்கு மூச்சு திணறுது!"

தடியன் திட்டுக்குப் பாயப் போனது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நில்லு! கால் வைக்காதே! மேலே மண்ணு மாதிரி இருக்கு. உள்ளே நெருப்பு. பொசுக்குன்னு உள்ளே போயிடுவே!"

செவந்திதான். புகையைப் பார்த்துவிட்டு ஓடை வழியாக நீந்தி வந்திருந்தது. அதன் குட்டிகள் மேலே பத்திரமாக இருந்தன. அது வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அக்கா..." என்றது தடியன்.

"அழறதுக்கு நேரமில்லே, தம்பி. ஓடையிலே இன்னும் தண்ணி வருது. நீ உடைச்ச இடத்து வழியா வீணா ஓடுது. அதை அடைச்சா தண்ணி திரும்ப ஏறும். பாறையைத் தள்ள உன்னாலதான் முடியும்!"

தடியன் உடனே உடைப்புக்கு ஓடிற்று. மூக்கால் பாறையை உருட்டியது. மூக்கில் ரத்தம் வந்தது. மறுபடி உருட்டியது. செவந்தி இடுக்குகளில் களிமண்ணை வைத்து வைத்து அழுத்தியது. குரங்குகள் கிளைகளை ஒடித்துப் போட்டன.

பாறை இடுக்கிலிருந்து நயவன் இருமிக்கொண்டே வெளியே வந்தது. அதன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தடியன் பல்லைக் காட்டிப் பாய்ந்தது.

"உன்னாலதானேடா!"

"சண்டை அப்புறம்!" என்று அதட்டியது செவந்தி. "நயவா, நின்னு பார்க்காதே! அந்த நாணலைக் கவ்விட்டு வா!"

நயவன் வாலைத் தாழ்த்திக்கொண்டு நாணல் சுமந்தது.

உடைப்பு அடைபட்டது. ஆனாலும் தண்ணீர் ஏறுவதாகவே தெரியவில்லை. காய்ந்த மண் குடித்துக்கொண்டே இருந்தது. நடுத்திட்டிலிருந்து வந்த குரல்கள் மெலிந்தன. பிறகு நின்றன. தடியன் கண்ணை மூடிக்கொண்டது.

'உஸ்ஸ்!'

ஒரு வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கிற்று. வெள்ளை ஆவி எழும்பியது. இன்னொரு 'உஸ்ஸ்'. அப்புறம் இன்னொன்று. தண்ணீர் விரல் விரலாக ஏறி, கோரைத் தட்டைகளைச் சுற்றி வந்து, திட்டின் காலைத் தொட்டது. புகை மெலிந்தது.

"அப்பா!"

தாழம்புதர் விலகியது. தாய்ப்பன்றி முன்னால் நீந்த, சாம்பல் பூசிய குட்டிகள் பின்னால் வரிசையாக நீந்தி வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. தடியன் அவற்றை மோந்து மோந்து பார்த்தது. பிறகு அப்படியே சேற்றில் படுத்துவிட்டது. மூச்சு இரைத்து இரைத்து வந்தது. அதன்மேல் ஏறிக் குட்டிகள் விளையாடின. குரங்குகள் சிரித்தன, அழுதன, மறுபடி சிரித்தன.

"அக்கா, உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்," என்றது தடியன்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றது நயவன், யாருடைய முகத்தையும் பார்க்காமல். "அந்தக் குமிழிக் கதை மீனுக்காகக் கட்டினது. இப்படி ஆகும்னு நினைக்கலே."

"மீன் தீர்ந்துடுச்சு. இப்போ வேலை செய்!" என்றது செவந்தி.

வேலை நிறைய இருந்தது. எரிந்த இடங்களில் கோரைக்கிழங்கை ஊன்ற வேண்டியிருந்தது. கிழங்கைக் கண்டாலே தின்னும் தடியன், வாயில் வைத்த கிழங்கைத் தின்னாமல் கொண்டுபோய் நட்டது. கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது! முதல் மழை விழுந்ததும் பச்சை முளைவிட்டது. மாலையில் சதுப்பைத் தொட்டுக் குளிர்ந்த காற்று வீசியது. விலங்குகள் வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக நீட்டிப் படுத்தன.

"செவந்தியக்கா, வானத்திலே இருக்கிற புழுக்கக்காத்து முழுக்கப் போயிடுச்சா?" என்று கேட்டது ஒரு பன்றிக்குட்டி.

"இல்லேடா கண்ணு. அது ரொம்ப இருக்கு. மனுஷங்க எரிக்கிறதை நிறுத்தணும். இந்த மாதிரி எத்தனையோ சதுப்பும் காடும் வேலை செய்யணும். ஆனா நம்ம இடத்திலேர்ந்து புகை போறது நின்னாச்சு. உள்ளே இழுக்கிறது மறுபடி ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு இது போதும், தூங்கு!"

குட்டி கொட்டாவி விட்டது. கோரைகள் காற்றில் சலசலத்தன.

காற்றில் கலந்த கேட்டை நீக்க வழி தேடுகிறவர்கள், அதை ஏற்கெனவே தன்னுள் அடக்கி வைத்திருக்கும் மண்ணையும் பச்சையையும் முதலில் காப்பாற்ற வேண்டும்.