பூண் ஏறாத கம்பு

"டீச்சர், பூணைப் போட மறந்துட்டேன்" என்றார் நெல்லையப்பன்.

செலஸ்டினா நிமிர்ந்து பார்க்கவில்லை. யாருடைய தூண்டில் கம்புக்கோ நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நூல் சுற்றும்போது கலெக்டரே வந்து நின்றாலும் அவள் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவருக்கு ஐம்பத்தேழு.

தூத்துக்குடியில், ஐஸ் பேக்டரிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அவள் தூண்டில் கம்புகள் செய்து விற்றாள். கேட்டவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தாள். டீச்சர் என்று கூப்பிட வேண்டாம் என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அவர் கேட்கிற ஆள் இல்லை. உப்பளக் கம்பெனியில் முப்பது வருஷம் ஊரில் உள்ளவர்களை எல்லாம் சார் என்று அழைத்துப் பழகிய நாக்கு, கற்றுக்கொடுக்கிறவளைப் பெயர் சொல்லக் கூசியது.

நூலை அறுத்துவிட்டு, "எந்தப் பூணு?" என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

மோதிரத்தைவிடச் சின்ன வெள்ளி வளையம். சுற்றிலும் 'காந்திமதிநாதன்' என்று வெட்டியிருந்தது. எட்டு எழுத்தையும் அந்த இடத்துக்குள் அடக்குவதற்குள் ஆசாரி இவரை மனசுக்குள் எத்தனை முறை திட்டினாரோ.

காந்திமதிநாதன் அவருடைய அண்ணன். தினமும் சாயங்காலம் தூண்டிலோடு கடலுக்குப் போய்விடுகிற மனிதர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. தம்பிக்குப் பத்திரிகை வரவில்லை. வராவிட்டால் என்ன, தன் கையால் கட்டிய கம்பைக் கொண்டுபோய் நீட்டினால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார் என்று நெல்லையப்பன் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் நாலு மாதமாகக் கண் எரிய எரிய நூல் சுற்றினார்.

பூண் வெறும் அலங்காரம். கார்க் பிடி முடிந்து கம்பு தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்து, அந்தப் பொருத்தின் சொரசொரப்பை மறைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் அது நுனி வழியாகத்தான் உள்ளே போகும். தூண்டில் நரம்பு ஓடுகிற சின்ன வளையங்களான கைடுகளை நூல் சுற்றிக் கட்டுவதற்கு முன்னால் அதை நுழைத்துவிட வேண்டும். கட்டிய பிறகு வழி கிடையாது.

நெல்லையப்பன் எட்டுக் கைடுகளையும் கட்டி, மேலே பசை பூசி, காயவைத்து, பளபளவென்று கொண்டுவந்திருந்தார்.

"வெட்டி மாட்டலாமா டீச்சர்?" என்றார்.

அவள் டப்பாவிலிருந்து ஒரு பித்தளைப் பூணை எடுத்தாள். சின்ன ரம்பத்தால் ஓரிடத்தில் அறுத்தாள். விரித்து, கம்பைச் சுற்றி மாட்டி, குறடால் மெதுவாக நெருக்கினாள். வெட்டு கீழ்ப்பக்கம் போகும்படித் திருப்பினாள்.

"தெரியுதா?"

"தெரியல." அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கண்ண மூடிக்கிடுங்க அண்ணாச்சி."

மூடினார். அவள் கம்பை அவர் கையில் கொடுத்து, மீன் கடிக்கிறதா என்று பார்க்க விரல் வைக்கும் இடத்தில் அவருடைய விரலை வைத்தாள்.

விரல் ஒருமுறை நகர்ந்தது. திரும்பி வந்தது. வெட்டு இருந்த இடத்தில் நின்றது.

அவர் கண்ணைத் திறந்தார். பசையைக் கொஞ்சம் தாராளமாக வைத்து மெழுகிவிட்டால் என்ன என்று கேட்டார். வைத்துப் பாருங்கள் என்றாள். அவர் வைக்கவில்லை; பித்தளைப் பூணைக் கழற்றி மேசையில் போட்டார்.

எல்லாம் அலங்காரம்தானே, இதற்குப் போய் இவ்வளவு பாடா என்று முணுமுணுத்தார்.

"அலங்காரந்தான். போடாமலே குடுங்க."

"அண்ணன் பேரு இருக்கே."

செலஸ்டினா பிளேடை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

நெல்லையப்பனுக்குக் கோபம் வந்தது. எட்டையும் பிரிப்பதாவது? இன்றைக்கு வியாழக்கிழமை. பிரித்து, சுரண்டி, மறுபடி கட்டி, பசை பூசி, அது காய்ந்து முடிவதற்குள் அறுபதாம் கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆயிருமா?"

"ஆகாது."

அவள் தன்னுடைய நூலுக்குத் திரும்பிவிட்டாள். இப்படிப்பட்டவளிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று அவர் நொந்துகொண்டார். பிறகு பிளேடை எடுத்தார்.

முதலில் நுனிக் கைடு. அது பசையால் ஒட்டியிருந்தது; லைட்டரைக் காட்டிச் சூடாக்கியதும் கழன்று வந்தது. அடுத்தது மற்ற கைடுகளின் நூல். ஒரு சாயங்காலம் முழுவதும் கட்டியதைப் பிரிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

ஐந்தாவது கைடைப் பிரிக்கும்போது, கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மகள் கல்யாணத்துக்கு நானூறு பத்திரிகை அடித்தாராம். குலசாமிக்கு வைத்துவிட்டு, தாம்பாளத்தில் பழம் வெற்றிலையோடு முதல் பத்திரிகையை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அண்ணன் எங்கே போய்விடப் போகிறார், ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறார் என்று தள்ளிப்போட்டாராம். வெளியூர்ச் சொந்தங்களை முடித்தார். கம்பெனி ஆட்களை முடித்தார். கடைசி வாரம் மண்டபம், சமையல், நகை என்று மூச்சுவிட நேரமில்லை. மிச்சமிருந்தவர்களுக்கு எல்லாம் ஸ்டாம்ப் ஒட்டினார். அந்தக் கட்டோடு அண்ணனுடையதும் தபால் பெட்டிக்குள் போயிற்று.

ஒரே ஊருக்குள், கூடப் பிறந்தவனுக்குத் தபாலில் பத்திரிகை. அண்ணன் வரவில்லை. அண்ணியும் வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ செய்து பார்த்துவிட்டேன் என்றார். தீபாவளிக்குப் பலகாரம். கல்யாண ஆல்பத்தில் ஒரு பிரதி. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு ஆப்பிள், சாத்துக்குடி. எல்லாவற்றையும் அண்ணி வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை வரவில்லை.

"எல்லாம் நீங்க கொண்டுபோய்க் குடுத்தியளா?" என்றாள் செலஸ்டினா.

"ஆள்கிட்ட குடுத்துவிட்டேன். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

"பாத்து வெட்டுங்க. கம்பு கீறிரும்" என்றாள்.

ஆறு, ஏழு, எட்டு. கம்பு மொட்டையாக நின்றது.

நெல்லையப்பன் பூணை எடுத்து நுனியில் விட்டார். மெல்லிய இடத்தில் கடகடவென்று இறங்கியது. கம்பு தடிக்கத் தடிக்க வேகம் குறைந்தது. பிடிக்குச் சற்று மேலே தானாக நின்றது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். போய் உட்கார்ந்தது. பசைகூட வேண்டாம்போல இருந்தது.

கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தார். எங்கேயும் தட்டவில்லை. விரல் மட்டும் அங்கேயே கிடந்தது.

பதினோரு வருஷமாகப் பலகாரத்தையும் பழத்தையும் மேலே பூசிப் பார்த்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இனி கட்டலாம்" என்று செலஸ்டினா நூல்கண்டை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கம்பு?"

"இங்கயே இருக்கட்டும் டீச்சர்."

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

மணி நாலரை. அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்தது காந்திமதிநாதனே. கடலுக்குக் கிளம்பியிருந்தார், தோளில் தூண்டில் பை.

நெல்லையப்பன் கையில் பழம் இல்லை, வெற்றிலை இல்லை. சௌக்கியமா என்றும் கேட்கவில்லை.

"அண்ணே, மொதப் பத்திரிகைய உனக்குத்தான் வச்சிருக்கணும். தபால்ல போட்டேன். தப்பு என் மேலதான்."

காந்திமதிநாதன் நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தெருவில் ஒரு தண்ணீர் லாரி போய் முடிந்தது.

அவருடைய பார்வை தம்பியின் கைகளுக்கு இறங்கியது. விரலெல்லாம் பசைத் துணுக்கு. நகக்கண்ணில் சிவப்பு நூல் பிசிறு.

"கைல என்ன?"

"உனக்கு ஒரு கம்பு கட்டுதேன். இன்னும் முடியல."

காந்திமதிநாதன் கதவைவிட்டு நகரவில்லை. நெல்லையப்பன் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார்.

"எத்தனை கைடு?"

"எட்டு."

"நுனியச் சேத்தா, சேக்காமலா?"

நெல்லையப்பன் பசை ஒட்டிய விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

காந்திமதிநாதன் தோளில் கிடந்த பையை இறக்கிச் சுவரோரம் வைத்தார்.

"உள்ள வந்து சொல்லுலே."