நீர்மங்கலத்தின் முதல் பொத்தான்

நன்றி சொல்ல ஒரு வாய் போதும். அதை யாருக்குச் சொல்வது என்று கண்டுபிடிக்கத்தான் மூளை வேண்டும். நம்பாதவர்கள் நீர்மங்கலத்துக் கதையைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நீர்மங்கலம் கடலோரத்துச் சின்ன ஊர். பந்தக்கால் நடக் குழி தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். அங்கே பாதாளச் சாக்கடை போட வந்தவர்கள் எல்லாரும் பள்ளம் தோண்டி, ஊறிய தண்ணீரைப் பார்த்து, வந்த வழியே திரும்பினார்கள். கடைசியாக வந்த பொறியாளர் செண்பகவல்லி வேறு வழி சொன்னாள். ஆழமாகத் தோண்டவே வேண்டாம். வீட்டுக்கு வீடு ஒரு சின்னத் தொட்டி, அதற்குள் கழிவை அரைத்துத் தள்ள ஒரு பம்பு, முழங்கால் ஆழத்தில் கைக்கு அடங்கும் ஒரு குழாய். எல்லா வீட்டுப் பம்புகளும் தள்ளித்தள்ளிக் கழிவை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ஊருக்கு இது புரிந்ததோ இல்லையோ, பள்ளத்தெரு கனகத்துக்கு உடனே புரிந்தது. ஐப்பசி பிறந்தால் அவள் வீட்டுக் கழிப்பறை பொங்கி அடுப்படிவரை வந்துவிடும். அதனாலேயே மூத்த மகளைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். அந்த வேதனை அவளுக்கு ஆறவே இல்லை. இப்போது இளையவளுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

"உங்க வீட்டுலதான்க்கா முதல் தொட்டி" என்று செண்பகவல்லி அவளுக்கு வாக்குக் கொடுத்தாள்.

கணக்குப் போட்டுவிட்டுத்தான் வாக்குக் கொடுத்தாள். வினை அந்தக் கணக்கில் இருந்தது. எல்லாப் பம்பும் ஒரே நேரத்தில் ஓடாது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஓடும் என்று வைத்துக் குழாயின் அளவையும் செலவையும் போடுவது வழக்கம். அவளும் அப்படியே போட்டிருந்தாள். ஊரிலேயே தங்கி ஒருநாள் விடியலில் கண் விழித்தபோதுதான் உண்மை தெரிந்தது. நீர்மங்கலத்து வீட்டுக் குழாய்களில் தண்ணீர் வருவது விடியற்காலை ஒரு மணி நேரம் மட்டும். அந்த நேரத்துக்குள் ஊர் மொத்தமும் குளிக்கும், துவைக்கும், பாத்திரம் துலக்கும். எல்லாப் பம்பும் சேர்ந்து ஓடினால் மேட்டுத்தெருவிலிருந்து வரும் அழுத்தத்தை எதிர்த்துப் பள்ளத்தெருப் பம்புகளால் தள்ள முடியாது. பெரிய குழாய் போடலாம் என்றால் அரசு ஒதுக்கிய தொகை தாங்காது. பள்ளத்தெருவைக் கைவிட்டால் தாங்கும்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலை அவளுக்கு. வாயை மூடிக்கொண்டு அந்தத் தெருவைத் திட்டத்திலிருந்து நீக்கியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவளோ ஊர்க்கூட்டத்தில் எழுந்து, தப்பு தன்னுடையது என்று சொன்னாள். அதனால் வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது.

அந்தக் கூட்டத்தில் கனகம் எழுந்தாள். "எங்க தெருவால ஊருக்கே இல்லன்னு ஆயிரக் கூடாதும்மா. எங்கள விட்டுட்டு மத்தவங்களுக்குப் போடுங்க. நாங்க பழகினவங்கதான."

செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சொல்லுக்காகவே மறுபடி வரைபடத்தை விரித்து உட்கார்ந்தாள். குழாயை ஏன் மாற்ற வேண்டும், தண்ணீர் வரும் நேரத்தை மாற்றினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. மேட்டுத்தெருவுக்கு மட்டும் தண்ணீரை மாலையில் விட்டால் போதும், பழைய செலவிலேயே எல்லாத் தெருவும் அடங்கிவிடும்.

ஆனால் மேட்டுத்தெருவுக்கு இந்தச் சாக்கடையே தேவையில்லை. எந்த மழையிலும் அங்கே எதுவும் பொங்கியதில்லை. அவர்கள் குழிகளின் கசிவு பள்ளத்துக்கு இறங்குவதால்தான் அவர்களையும் திட்டத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்கள் எதற்கு விடியல் தண்ணீரை விட்டுத்தர வேண்டும்? தயங்கித் தயங்கித்தான் அவள் அந்தத் தெருவின் பெரிய தலையான ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனாள். வழக்கம்போல் கோயில் குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு அவர் ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார். மருமகள் ரோகிணி துணிகளை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்ட ஆவுடையப்பன் மருமகள் பக்கம் திரும்பினார். "என்ன தாயி, பாத்துக்கிடுவியா?"

ரோகிணி கொடியில் கிடந்த துணிகளைச் சற்று நேரம் பார்த்தாள். "பாத்துக்கிடுதேன் மாமா."

"பெறகென்ன, மேட்டுத்தெரு விட்டுக்குடுத்துட்டுன்னு ஊர்ல சொல்லிருங்க" என்றார் ஆவுடையப்பன். அவர் சொல்லைத் தெரு தட்டவில்லை.

திட்டம் முடிந்தது. தொடக்க விழாவை ஒரு மாலையில் வைத்தார்கள். ஊருக்கு ஒரு நல்லது நடந்தால், அதற்காக எதையாவது இழந்தவர் கைதான் அதில் முதலில் பட வேண்டும் என்பது நீர்மங்கலத்து வழக்கம். குளம் வெட்டினால் நிலம் கொடுத்தவர்தான் முதல் மண்வெட்டியைப் பிடிப்பார். கனகம் வீட்டுப் பம்பின் பொத்தான் முன்னால் ஊரே நின்றது. செண்பகவல்லி, "கனகம் அக்காதான் அழுத்தணும்" என்றாள். கனகமோ ஆவுடையப்பனைக் கும்பிட்டு, அவர்தான் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, பதவி உயர்வைத் தொலைத்த பொண்ணு இருக்கும்போது நானா என்று செண்பகவல்லியைக் காட்டினார். மூவருமே மனதாரத்தான் சொன்னார்கள்.

சொல்லுங்கள், அந்தப் பொத்தானில் யார் கை பட வேண்டும்? ஊர் முதல் நன்றியை யாருக்குச் சொல்ல வேண்டும்?

விடை: செண்பகவல்லி இழந்தது உண்மைதான். ஆனால் அது அவள் பிழைக்கு அவளே கொடுத்த விலை. கனகம் இழக்கத் துணிந்தாள், அந்த மனதை எத்தனை முறை கும்பிட்டாலும் தகும். ஆனால் அவள் எதையும் இழக்க நேரவில்லை. குளத்தில் குளிக்கும் ஆவுடையப்பனுக்குக் குழாயில் தண்ணீர் எப்போது வந்தால் என்ன? நாளெல்லாம் கடையில் நின்றுவிட்டு வந்து, இருட்டும் நேரத்தில் துவைத்துத் துலக்கப் போகிறவள் ரோகிணி. தனக்குத் தேவையே இல்லாத ஒன்றுக்காகத் தன் மாலைகளைக் கொடுத்தவளும், அவளைப் போன்ற மேட்டுத்தெருப் பெண்களும்தான் உண்மையில் இழந்தவர்கள். செண்பகவல்லிக்கு இது சட்டென்று உறைத்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ரோகிணியைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். இளைய மகளை அடுத்த வாரம் பிரசவத்துக்குக் கூட்டிவரப் போவதாகச் சொல்லி, கனகம் அவள் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரோகிணி கூச்சத்தோடு பொத்தானை அழுத்தினாள். பம்பு உறுமியது, ஊர் கைதட்டியது. "நான் வாரேன்க்கா, தண்ணி வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டைப் பார்த்து ஓடினாள்.