கம்பி ஒருவரிடம், துணி ஒருவரிடம்

குற்றாலலிங்கத்துக்கு அறுபத்தோராம் வயதில் ஒரு குரு வாய்த்தாள். குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் ஜெபக்கனி. செங்கோட்டையில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்தாள். மூன்று முறை சைக்கிளில் நாட்டைக் குறுக்கே கடந்தவள். அதைப் பற்றி யாராவது கேட்டால், எந்த ஊரில் டயர் மாற்றினாள் என்பதை மட்டும் சொல்வாள்.

குற்றாலலிங்கம் முப்பத்தொரு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அளக்காத எதையும் அவர் நம்பியதில்லை. பஞ்சர் ஒட்டுவது, செயின் கோர்ப்பது, எந்த மேட்டுக்கு எந்த கியர் என்பது, எல்லாவற்றையும் ஜெபக்கனியிடம் எட்டு மாதம் கற்றார். கற்று முடித்ததும், மனைவி உலகம்மையோடு சைக்கிளில் மைசூர்வரை போவது என்று தீர்மானித்தார். இருபத்தைந்து நாள். தங்குவதற்குக் கூடாரம்.

உலகம்மை ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. ஜெபக்கனிக்கு ஏழாம் வகுப்பில் பின்னம் சொல்லிக்கொடுத்தவர். ஆகவே இந்தக் கதையில் குரு, சீடனை ‘சார்’ என்றும் சீடனின் மனைவியை ‘டீச்சர்’ என்றும் அழைப்பாள். இது சாஸ்திரத்துக்குப் பொருந்தாது. செங்கோட்டைக்குப் பொருந்தும்.

முதல் ஐந்து நாள் குருவும் கூட வருவதாக ஏற்பாடு. குமுளி மலையின் அடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப்போடு அவள் திரும்பிவிடுவாள். அதற்கு மேல் மலையும் மைசூரும் அவர்கள் இருவர் பாடு.

நாலாம் நாள் ஆண்டிபட்டிக் கணவாய் வந்தது.

குற்றாலலிங்கம் முதலில் ஏறி முடித்தார். உச்சியில் ஒரு டீக்கடை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். டீ குடித்தார். வடை தின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு டீ குடித்தார்.

உலகம்மை முகம் சிவந்து மேலே வந்து சேர்ந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

குற்றாலலிங்கம் எழுந்து பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“முப்பத்தஞ்சு நிமிஷம். பரவாயில்ல, நேத்தைக்கு நாப்பது. கெளம்புவமா?”

உலகம்மை அவருடைய சட்டையைப் பார்த்தார். அது காய்ந்திருந்தது. ஊன்றிய காலை எடுத்து மறுபடி பெடலில் வைத்தார். அதற்குப் பிறகு வீரபாண்டி வரும்வரை அவர் யாரோடும் பேசவில்லை.

வீரபாண்டிக்கு அருகில் ஒரு தென்னந்தோப்புக்காரர் கூடாரம் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார். வெயில் இறங்கும் நேரத்தில் உலகம்மை பேசினார். ஆனால் கணவரிடம் அல்ல.

“ஜெபம், லோயர் கேம்ப்புலருந்து நீ திரும்பும்போது நானும் உங்கூட வாரேன். சைக்கிள பஸ்ஸு மேல போட்டுரலாம்.”

“டீச்சர்...”

“எனக்கு மைசூரு வேண்டாம். சார் போயிட்டு வரட்டும். எத்தன கிலோமீட்டர்னு வந்து சொல்லுவாரு. கேட்டுக்கிடுதேன்.”

சொல்லிவிட்டு, போர்வையை எடுக்கக் கணவரின் பையை நோக்கிப் போனார். போர்வை அங்கேதான் இருந்தது.

குற்றாலலிங்கம் குருவைத் தேடிப் போனார். அவள் மோட்டார் தொட்டியருகே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி செயினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஜெபக்கனி, ஒரு கேள்வி.”

“கேளுங்க சார்.”

“கூடாரம் எங்கிட்ட இருக்கு. ஸ்டவ்வு எங்கிட்ட. அரிசி, தண்ணிக் கேனு, பம்பு, அவ போர்வைகூட எங்கிட்ட. மொத்தம் முப்பத்தொரு கிலோ. அவ கொண்டு வாரது நாலு கிலோ. அதுல ஒரு கிலோ முறுக்கு.”

“எடை போட்டீங்களா சார்?”

“பொறப்படுததுக்கு முன்னாலயே போட்டுட்டேன். அவளுக்குக் கஷ்டம் இருக்கக்கூடாதுன்னுதான் எல்லாத்தையும் நானே சொமக்கேன். ஒவ்வொரு மேட்டு உச்சியிலயும் அவளுக்காகக் காத்துக் கெடக்கேன். ஒரு நாளு மொகம் சுளிச்சதில்ல. ஏன் லேட்டுன்னு கேட்டதில்ல. ஒரு புருசன் இதுக்கு மேல என்ன செய்யணும்? சொல்லு.”

ஜெபக்கனி பெடலைக் கையால் சுற்றினாள். செயின் ஓசையில்லாமல் ஓடியது.

“காப்பித்தூள் யார்ட்ட சார் இருக்கு?”

“எங்கிட்டத்தான்.”

“சர்க்கரை?”

“அதுவும்.”

“சரி சார்.”

அவள் அடுத்த கண்ணியைத் துடைக்கத் தொடங்கினாள். சீடன் சிறிது நேரம் நின்று பார்த்தார். பதில் இன்னும் வரும் என்று நினைத்தார். எண்ணெய் வாசனைதான் வந்தது.

காலையில் அவர் எழுந்தபோது இருவருடைய பைகளும் கவிழ்க்கப்பட்டிருந்தன. ஜெபக்கனி தார்ப்பாயின் மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கூடாரத் துணி குற்றாலலிங்கத்தின் பைக்குப் போனது. கூடாரக் கம்பிகளும் முளைகளும் உலகம்மையின் பைக்கு. ஸ்டவ் அவருக்கு, தீப்பெட்டி உலகம்மைக்கு. பஞ்சர் ஒட்டும் பசையும் ரப்பரும் அவருக்கு, பம்ப் உலகம்மைக்கு. காப்பித்தூள் இங்கே, சர்க்கரை அங்கே. தண்ணீர்க் கேனை மட்டும் யோசிக்காமல் உலகம்மையின் கேரியரில் கட்டினாள்.

“என்ன இது?” என்றார் குற்றாலலிங்கம். “அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு எத்தனையோ எடத்துல போய் அளந்திருக்கேன். கெணத்தக் குறுக்க வெட்டிக் கேட்டவன்கூட உண்டு. ஆனா கதவு ஒருத்தனுக்கு, பூட்டு ஒருத்தனுக்குன்னு எவனும் பிரிச்சதில்ல.”

“ரெண்டு பேரு தூரமாப் போனா நாங்க இப்படித்தான் சார் கட்டுவோம்.”

“அவளுக்கு ஒம்பது கிலோ கூடுது. வெறுங்கையோட வந்தாலே அவ...”

“நான் சொமக்கேன்,” என்றார் உலகம்மை. “ஒரு நாளுதானே.”

ஜெபக்கனி தன் சைக்கிளை எடுத்தாள்.

“நான் முன்னால போய் லோயர் கேம்ப்புல எடம் பாக்கேன். உத்தமபாளையம் தாண்டினதும் மெயின் ரோட்ட விட்டுட்டு வாய்க்கா கரையில வாங்க. லாரி கெடையாது. ஒரே பாதைதான், தப்பாது.”

குற்றாலலிங்கம் வழக்கம்போல் முன்னால் போனார். வழக்கத்தைவிட வேகமாகவும் போனார். ஒன்பது கிலோ குறைந்த மனிதருக்கு அது கஷ்டமாக இல்லை. சின்னமனூர் தெரியாமலே கடந்தது. உத்தமபாளையத்தில் வாய்க்கால் கரையில் இறங்கினார். ஒரு பக்கம் நெல், மறுபக்கம் திராட்சைப் பந்தல். இரண்டு மைல் போனதும் பின்சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்தது.

கருவேல முள். அதை யாரும் வைக்கவில்லை. கருவேலம் யாரிடமும் சொல் கேட்டு வளர்வதில்லை.

அவர் சக்கரத்தைக் கழற்றினார். டியூபை வாய்க்காலில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்தார். தேய்த்தார், பசை தடவினார், ஊதினார், ஒட்டினார். குரு பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க முடியாது. பிறகு பம்பை எடுக்கக் கையை நீட்டினார். அது இருந்த இடத்தில் இரண்டு வார் மட்டும் தொங்கின.

செல்போனை எடுத்து உலகம்மையைக் கூப்பிட்டார். மணி அவருடைய ஹேண்டில்பார் பைக்குள்ளேயே அடித்தது. மழையில் நனைந்துவிடக் கூடாது என்று முதல் நாளே மனைவியின் போனையும் வாங்கி அதில் வைத்திருந்தார். ஜெபக்கனி அந்தப் பையை மட்டும் கவிழ்க்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி வந்தது. ஓட்டிவந்தவர் இரண்டு பக்கமும் காலிப் பெட்டிகள் கட்டியிருந்தார். நிறுத்தினார்.

“என்னங்கய்யா, பஞ்சரா?”

“ஒட்டியாச்சு. காத்துதான் இல்ல.”

“பம்பு வச்சிக்கிறதில்லையா?”

“இருக்கு. வீட்டுக்காரிட்ட இருக்கு.”

“வீடு எங்கிட்டு?”

“செங்கோட்டை.”

“அங்கிட்டுப் போயி வாங்கியாறதுக்குள்ள டயரே மக்கிப்போயிருமே.”

“இல்லய்யா, அவளும் சைக்கிள்லதான் வாரா. பின்னால.”

வண்டிக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு குற்றாலலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“பம்ப பொண்டாட்டிகிட்டக் குடுத்துப்புட்டு முன்னால ஓடியாந்தீகளாக்கும்? வெவரமான ஆளுதேன்.”

“வழியில பாத்தீங்களா? ஊதாச் சட்ட, வெள்ளத் தொப்பி.”

“உத்தமபாளையத்துல இருந்துதேன் வாரேன். பாதையில ஒரு ஆளு இல்லையே.”

குற்றாலலிங்கம் தான் வந்த பாதையைப் பார்த்தார்.

“ஏறுங்கய்யா, கம்பத்துல எறக்கிவிடுறேன். சக்கரத்தக் கையில பிடிச்சுக்கங்க.”

“வேண்டாம். நான் போயிட்டா அவ வந்து தேடுவா.”

“வரலைன்னா?”

டி.வி.எஸ். ஃபிப்டி போய்விட்டது.

சின்னமனூரில் பஸ் ஸ்டாண்ட் உண்டு. உத்தமபாளையத்திலும் உண்டு. திரும்பிப் போகப்போவதாக நேற்றே உலகம்மை சொல்லியாகிவிட்டது. ஒரு நாள் முன்னதாகவே போனால் அதை அவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. சொல்ல விரும்பினாலும் உலகம்மையின் போன் இவருடைய பையில் இருந்தது.

வாய்க்கால் ஓரத்தில் ஒரு புங்கமரம் நல்ல நிழலோடு நின்றது. அங்கே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் பாதையின் வளைவு தெரியவில்லை. எழுந்து வெயிலுக்கு வந்தார். அங்கிருந்து தெரிந்தது.

வளைவில் ஒரு புள்ளி தோன்றியது. அது ஆட்டுக்காரர். அடுத்தது பால்கேன். அடுத்தது சைக்கிள்தான், ஆனால் அதில் யாரோ ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வந்தார். குற்றாலலிங்கம் அவரிடம் பம்ப் கேட்கவில்லை. ஊதாச் சட்டையைப் பார்த்தீரா என்று மட்டும் கேட்டார். பெரியவருக்குக் காது கேட்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அது தொப்பியானது.

உலகம்மை அவசரமில்லாமல் வந்தார். ஹேண்டில்பாரில் ஒரு துண்டில் முடிந்த திராட்சை தொங்கியது.

“என்ன, இங்கயே நிக்கிய?”

“எங்க போனே நீ?”

“எங்கயும் போகல. பந்தலுக்கடியில உக்காந்து தண்ணி குடிச்சேன். திராட்சை வெட்டுத பொம்பளைங்க இருந்தாங்க. கொத்துல எத்தன பழம் இருக்கும்னு பந்தயம் கட்டினாங்க. நான் ஜெயிச்சேன்.”

“இவ்வளவு நேரமா தண்ணி குடிச்சே?”

“இன்னைக்கு எங்கிட்ட இருந்துச்சு, நின்னு குடிச்சேன். நாலு நாளும் உங்ககிட்ட இருந்துச்சு. சின்ன பாட்டில் தீந்ததும் உங்களப் பிடிக்க ஓடி வந்தேன்.”

குற்றாலலிங்கம் கையை நீட்டினார். “பம்ப் தா.”

“தாரேன். நெழல விட்டுட்டு ஏன் வெயில்ல நிக்கிய?”

உலகம்மை புங்கமரத்தைப் பார்த்தார். திரும்பி, தான் வந்த வளைவைப் பார்த்தார். பிறகு பம்பைக் கழற்றிக் கொடுத்தார். மரத்தடியில் போய் உட்கார்ந்து காலை நீட்டினார்.

குற்றாலலிங்கம் காற்றடித்தார். சக்கரத்தை மாட்டினார். கையைப் புல்லில் துடைத்துக்கொண்டார். சைக்கிளை நேராக நிறுத்தி ஹேண்டில்பாரைப் பிடித்தார். பிறகு அதை மரத்தில் சாய்த்துவிட்டு உலகம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கெளம்பலியா?”

“நீ இப்பத்தானே உக்காந்தே.”

உலகம்மை துண்டை அவிழ்த்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

அவர்கள் லோயர் கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. வானம் வெளிச்சமாகவே இருந்தது. ஜெபக்கனி ஓர் ஆலமரத்தடியைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள். அவர் துணியை விரித்தார். உலகம்மை கம்பிகளை எடுத்தார்.

“அது நீட்டுக் கம்பிலா? இந்தப் பக்கம் வரணும்.”

“நாலு நாளு நீங்க போட்டிய, நான் பேசாம நின்னேன். இன்னைக்குக் கம்பி எங்கிட்ட இருக்கு. இழுத்துப் பிடிங்க.”

“கிழிஞ்சிரும்!”

“கிழியாது, பிடிங்க.”

கூடாரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஆனாலும் நின்றது. ஸ்டவ் வந்தது, தீப்பெட்டி வந்தது. காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உலகம்மை கேட்டார்.

“ஜெபம், காலையில நீ தனியாப் போயிருவியா?”

“போயிருவேன் டீச்சர்.”

“ஆண்டிபட்டி எறக்கத்துல பாத்துப் போ.”

உலகம்மை கூடாரத்துக்குள் போர்வை விரிக்கப் போனார். குற்றாலலிங்கம் குருவிடம் வந்தார். அவள் தன் பைகளின் வார்களை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நேத்து ஒரு கேள்வி கேட்டேன். நீ பதிலே சொல்லல.”

“என்ன கேட்டீங்க சார்?”

“எல்லாத்தையும் நானே சொமந்து, அவளுக்காகக் காத்துக் கெடக்கேனே, இதுக்கு மேல என்ன செய்யணும்னு கேட்டேன். நீ அவ தலையில ஒம்பது கிலோவ வச்சு, என்னைய வெயில்ல நிறுத்திப்புட்டே.”

“ரொம்ப நேரம் நின்னீங்களா?”

“தெரியல.”

ஜெபக்கனி வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“உங்களுக்கா சார் தெரியல?”

“எப்படித் தெரியும்? பாதையையே பாத்துக்கிட்டுல்லா நின்னேன்.”

“மத்த நாளெல்லாம் எதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?” என்றாள் ஜெபக்கனி.