சத்துமாவு தின்ற வாத்து

மருதங்குளத்துக் கரையில் ஓர் ஆண் வாத்து வடக்கே பார்த்தபடி தனியாக நின்றது. அதன் கூட்டம் அன்று காலைதான் சொந்த ஊருக்குப் புறப்பட்டிருந்தது. இதற்கோ சிறகு முறிந்து, இப்போதுதான் எலும்பு கூடியிருந்தது. இரண்டு மாதம் மடக்கியே வைத்திருந்ததில் தசை வற்றிவிட்டது.

"மலையடி ஏரியில பதினைஞ்சு நாள் தங்குவோம். எப்படியாவது வந்துடுங்க! அதுக்கு மேல கூட்டம் நிக்காது!" என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தது அதன் பெட்டை.

அந்தக் குரல் காதைவிட்டுப் போகவே இல்லை. வாத்துக்கு இரை இறங்கவில்லை.

அப்போது ஒரு நரி வந்தது.

"என்ன தம்பி, துரும்பா இளைச்சுட்டியே!"

"பறக்கணும் நரியண்ணே! சிறகுல வலுவே இல்லை!"

"அட, இவ்வளவுதானா! மீனும் நத்தையும் காயவெச்சு இடிச்ச சத்துமாவு தர்றேன். மூணு வேளையும் தின்னு. தசை தானாத் திரளும்! ஆனா சிறகை மட்டும் அசைச்சுடாதே. ஏறின சத்தெல்லாம் கரைஞ்சு போயிடும்!"

நரிக்கு ஏன் இத்தனை அக்கறை என்று யோசிக்க வேண்டாமா? ஏக்கம் பிடித்தவனுக்கு யோசனை எங்கே வரும்!

வாத்து தின்றது, படுத்தது, தின்றது, படுத்தது. உடம்பு பெருத்தது. "இதோ வர்றேன்டி, இதோ வர்றேன்!" என்று வடக்கே பார்த்துச் சொல்லிக்கொண்டது. பத்து நாள் இப்படியே போயிற்று.

பதினோராம் நாள் நரி மாவு கொண்டுவரவில்லை. பாய்ந்தே வந்தது!

வாத்து பதறி எழுந்தது. சிறகு தூக்கவில்லை, தொப்பை தரையில் உரசியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படபடவென்று அடித்துத் தண்ணீரில் விழுந்தது. நரியின் வாயில் இரண்டு வால் இறகுதான் மிச்சம்.

"அடப்பாவி! எனக்காகவா மாவு இடிச்சே?"

"எனக்காகத்தான்!" என்றது நரி. "மாவு நல்ல மாவுதான் தம்பி. படுத்துக் கிடந்தது நீதானே!"

மறுநாள் சிறகெல்லாம் வலித்தது. வலியோடே அடித்துப் பார்த்தது வாத்து. அதற்கு மறுநாள், வலித்த இடத்தில் கொஞ்சம் வலு தெரிந்தது. "ஐயோ, இத்தனை நாளைப் பாழாக்கிட்டேனே!" என்று அழுதது. நத்தையைத் தானே தேடித் தின்றது. குளத்தைச் சுற்றிச் சுற்றிச் சிறகடித்தது. பதினேழாம் நாள் காலை வானில் எழுந்தது.

மாலையில் மலையடி ஏரியில் இறங்கியது. ஏரி வெறிச்சோடிக் கிடந்தது. நாணலுக்குள்ளிருந்து ஒரு நீர்க்கோழி எட்டிப் பார்த்தது.

"நீதானா அது? உன் பெட்டை எல்லார் காலிலும் விழுந்து கூட்டத்தை ஒரு நாள் கூடுதலா நிறுத்தினா. நேத்துக் காலையிலதான் போனாங்க."

வாத்து நான்கு நத்தையைத் தின்றது. சற்றே இளைப்பாறிவிட்டு, வடக்கே பறந்தது.

எவ்வளவு சத்தைத் தின்றாலும் உழைக்கிற உடம்பில்தான் அது வலுவாகும். படுத்தே கழித்த நாட்களை எந்த மாவும் திருப்பித் தராது.