பூமாதேவி மேலாகத் தூவிய செம்பு

கருங்குன்ற நாட்டில் அந்தக் காலத்தில் காக்கைகூடச் செம்பு நிறத்தில்தான் பறக்கும். செம்புச் சுரங்கம் அப்படி! நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்; வழியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

சுரங்கத்துக் குத்தகைக்காரர் மங்கபதி. அவர் செம்பை உருக்கும் உலை வைத்த ஏழாம் வருஷம், மலையடிவாரத்து ஊரில் சோளம் முழங்கால் உயரத்திலேயே மஞ்சளித்துச் செத்தது. அந்த ஊரில் வயல் வைத்திருந்த சடைச்சி என்பவள் நேராக அரசவைக்கே வந்துவிட்டாள்.

"ராசா, உலைப் புகையும் கசடும் எங்க மண்ணைக் கொன்னுபோட்டுது!"

மங்கபதி சிரித்தார். "மன்னா, அது செம்பு மலை. ஆதியிலேயே பூமாதேவி அந்த மண்ணில் செம்பும் ஈயமும் கலந்து வைத்திருக்கிறாள். எல்லாம் இயற்கை!"

ராஜா மகிபாலன் தாடியைத் தடவினார். "இயற்கையை நான் எப்படித் தண்டிப்பது? மண்ணே அப்படி என்றால் ஊரைக் காலி செய்யவேண்டியதுதான்."

அவை விகடகவி கொப்பையன் எழுந்தான்.

"ஒன்பது நாள் பொறுங்கள் மன்னா. முளைப்பாரி போட்டுப் பார்த்துவிடுவோம்."

அரண்மனை முற்றத்தில் மூன்று சட்டிகள். ஒன்றில் சடைச்சி வயலின் மேல்மண். அடுத்ததில் அதே வயலில் இரண்டு முழம் தோண்டி எடுத்த மண். மூன்றாவதில் அதே மலைக்கு மறுபக்கம், புகை எட்டாத வயலின் மேல்மண். ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே காவல்.

ஒன்பதாம் நாள் முதல் சட்டியில் முளை கருகிக் கிடந்தது. மற்ற இரண்டும் பச்சைப் பசேல்!

"ஆதியில் வைத்த செம்பு என்றால் அடிமண்ணிலும் இருக்கவேண்டாமா? மறுபக்கம் ஏன் இல்லை?" என்றான் கொப்பையன்.

மங்கபதி அசரவில்லை. "பூமாதேவி இஷ்டமப்பா! இந்தப் பக்கம் மட்டும் மேலாகத் தூவிவிட்டாள்."

"அப்படியே இருக்கட்டும். இயற்கைதான்!" என்று கொப்பையன் தலையாட்டினான்.

"அடப் பாவி!" என்றாள் சடைச்சி.

"பொறு தாயி. மன்னா, குத்தகை ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள்."

எழுத்தர் வாசித்தார்: 'இந்நாட்டில் இயற்கை வைத்த செம்பு எங்கிருந்தாலும் நானே எடுப்பேன், ஒரு பொட்டு மிச்சம் வைத்தாலும் குத்தகை போகட்டும்.' வேறு யாரும் சுரங்கம் வெட்டிவிடக்கூடாது என்று மங்கபதியே கேட்டு எழுதிக்கொண்ட ஓலை அது.

"வயல் மண்ணில் இருக்கும் செம்பை எப்போது சலித்தெடுக்கப் போகிறீர்கள், ஐயா?"

மங்கபதி மன்னர் காலில் விழுந்தார். "ஐயோ, அதற்கு ஏழு தலைமுறை ஆகுமே! மன்னா, அது இயற்கை இல்லை! என் உலைப் புகை! என் கசடு! நான் போட்டதுதான்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது. "நீ போட்டதை நீயே அள்ளு! நல்ல மண் கொண்டுவந்து நிரப்பு. அதுவரை உலை எரியக்கூடாது. சடைச்சி, ஊரை விட்டு யாரும் போகவேண்டாம்."

கொப்பையனுக்கு முத்துமாலை விழுந்தது. மங்கபதி மெல்லக் கேட்டார்: "அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது?"

கொப்பையன் மாலையைச் சரிசெய்துகொண்டான். "உங்கள் மாளிகைத் தோட்டத்தில்தான் ஐயா. வீட்டில் யாராவது இருமினால், இயற்கையான இருமல் என்று சொல்லிவிடுங்கள்."